பச்சை வயர்

என் மனைவியிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுதுங்க. ஆனா உம்மாக்கு நடந்ததையும் மறைக்காம எழுதணும்" என்றாள். ஆகவே சகோதரிகளே, இதில் என் சாமர்த்தியம் என்று எதுவும் இல்லை. சமையலறையிலும் பின்வாசலிலும் மின்சாரச் சாமான்களோடு மல்லாடும் உங்களுக்கு ஒரு தகவலாவது பயன்படட்டும் என்று எண்ணியே எழுதுகிறேன்.

நான் அரபுக் கல்லூரியில் ஏழு ஆண்டுகள் ஓதி மௌலவியானவன். இப்போது பாடசாலை ஆசிரியர். 2009-இல் சவூதிக்குப் போய், தம்மாமில் ஒரு கம்பெனியின் தங்குமிடத்தில் இமாமாகவும் மொழிபெயர்ப்பாளனாகவும் நாலரை ஆண்டுகள் இருந்தேன். எங்கள் கிழக்கு மாகாண வழக்கப்படி நான் மனைவி வீட்டில் குடியிருப்பவன். பாலையூற்றில் இருக்கும் அந்த வீட்டில் அப்போது என் மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமி ஆகிய நால்வர் இருந்தார்கள். மாமா மௌத்தாகி நெடுநாளாகிறது. அவரும் எண்பதுகளில் சவூதியில் உழைத்தவர்தான். அவர் கொண்டுவந்த டேப் ரெக்கார்டரை மாமி அலுமாரியில் துணியால் சுற்றி வைத்திருக்கிறார்.

எங்கள் பகுதியில் அரபு எழுத்துள்ள எதுவானாலும் மௌலவி வீட்டுக்கு வந்துவிடும். மருந்துப் பெட்டி, பால்மா டின், அயர்ன் பெட்டியின் கையேடு, எல்லாம்தான். நஹ்வும் ஸர்ஃபும் ஃபிக்ஹும் படித்தவனுக்கு மிக்ஸியின் கையேடு விளங்கும் என்று மக்கள் நம்புகிறார்கள். உண்மையைச் சொன்னால், நாங்கள் ஓதிய கிதாபுகளில் 'கஹ்ரபா' என்ற சொல்லுக்கே வேலை வந்ததில்லை. இன்று மின்சாரத்துக்கு வழங்கும் அந்தச் சொல் பழைய நாளில் வைக்கோலை இழுக்கும் அம்பர் பிசினுக்குரிய பெயர். பார்ஸியிலிருந்து அரபுக்கு வந்தது. அதைத் தெரிந்து வைத்திருந்த எனக்கு, அந்த மின்சாரம் வீட்டுக்குள் எப்படி ஓடுகிறது என்பது தெரியாது. தெரியாது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

முதலில் ஒரு கடிகாரக் கதை. 2010-ஆம் ஆண்டு ரமழானுக்கு முன் ஊருக்கு வந்த ஒருவரிடம் அலாரமும் ரேடியோவும் சேர்ந்த மின்சாரக் கடிகாரம் ஒன்று கொடுத்தனுப்பினேன். சஹருக்கு எழும்ப உதவும் என்று எண்ணம். முதல் இரவு 9.45-க்குச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சரிசெய்து, 3.45-க்கு அலாரம் வைத்துப் படுத்திருக்கிறார்கள். அது அடித்தபோது உண்மையான நேரம் 4.57. சுபஹுக்குப் பாங்கு சொல்லி முடிந்துவிட்டது. அன்று வீட்டில் எல்லாரும் சஹர் இல்லாமலே நோன்பு.

"பேட்டரி போயிருக்கும், மாத்திப் போடு" என்றேன் தொலைபேசியில்.

"இதுக்கு பேட்டரியே இல்லங்க. கரண்ட்ல ஓடுது."

"அப்ப சாமான் பழுது."

"பழுதாப் போன சாமான் கண்டபடி ஓடும். இது மணிக்குச் சரியா பத்து நிமிசம் பிந்துது. கூடவும் இல்ல, குறையவும் இல்ல. ஒரு பகல் முழுக்கப் பாத்துட்டுத்தான் சொல்றன்."

நான் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினேன். பிறகு எங்கள் தங்குமிடத்தில் மின்சார வேலை பார்த்த கேரளத்துச் சகோதரர் ஒருவரிடம் வேடிக்கையாக இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "உங்க வீட்டுக்காரம்மா சொல்றது சரி" என்று விளக்கினார். சவூதியில் மின்சாரம் விநாடிக்கு 60 தடவை திசை மாறி மாறி அலைகிறது. இலங்கையில் 50 தடவை. அந்த வகைக் கடிகாரம் இந்த அலைகளை எண்ணித்தான் நேரத்தைக் கணக்கிடுகிறது. அறுபது எண்ண வேண்டிய இடத்தில் ஐம்பதே கிடைத்தால் ஆறில் ஒரு பங்கு நேரம் குறையும். மணிக்குப் பத்து நிமிடம்! சில கடிகாரங்களின் அடியில் 50, 60 என்று மாற்றும் சிறு ஸ்விட்ச் இருக்குமாம். எங்களுடையதில் இல்லை.

வளைகுடாவில் இந்த 60 கணக்கு சவூதியில் மட்டும்தான். குவைத், கட்டார், பஹ்ரைன், அமீரகம், ஓமான் எல்லாம் நம்மைப்போல் 50. அதோடு சவூதி வீடுகளில் நெடுங்காலமாக இரண்டு வோல்ட்டேஜ் புழங்கி வந்தது. சுவரில் ஒரு பிளக்கில் 127 வோல்ட், ஏசி போன்ற பெரிய சாமான்களுக்கு 220 வோல்ட். 2010-இல் அந்நாட்டு அமைச்சரவை எல்லாவற்றையும் படிப்படியாக 230 வோல்ட்டுக்கு மாற்றத் தீர்மானித்தது. ஆனால் பழைய சாமான்கள் வீடுகளிலும் சந்தைகளிலும் உண்டு. 110 என்று மட்டும் எழுதிய மிக்ஸியையோ சோறு சமைக்கும் குக்கரையோ நம் ஊர் 230-இல் செருகினால் ஒரு நிமிடம் தாங்குவதே பெரிது. எங்கள் மாமிக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். "அவர் கொண்டுவந்த ரெக்கோடர்ல பின்னால ஒரு ஸ்விட்ச் இரிக்கி. சல்லியக் குடுத்துத் திருப்பி 220-க்கு வெச்சிட்டுத்தான் போடணும். எந்தச் சாமான் வந்தாலும் முதல்ல பின்னால பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். நான் கிழவியின் பேச்சு என்று நினைத்தேன்.

அடுத்து வந்தது துணி துவைக்கும் இயந்திரம்.

மனைவியின் கைக்கு ஓய்வு வேண்டும் என்று வாங்கினேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. மீதிப் பாதி, ஹராஜில், அதாவது பழைய சாமான் சந்தையில், மலிவாகக் கிடைத்தது. இரண்டு தொட்டி உள்ளது: ஒன்றில் துவைக்கலாம், மற்றதில் போட்டுச் சுழற்றினால் தண்ணீர் பிழிந்துவிடும். 220 வோல்ட் என்பதை மாமியின் பேச்சு ஞாபகத்துக்கு வந்து பார்த்துக்கொண்டேன். கப்பல் கார்கோவில் கொழும்புக்கு வந்து, லொறியில் திருகோணமலைக்கு வந்து சேர மாதங்கள் ஆயின.

வந்த அன்று மனைவி பேசினாள். "இஞ்ச பாருங்க, மெஷின்ல அஸ்ர் எண்டு எழுதி இரிக்கி. பின்னேரத்தில மட்டும்தான் போடணுமா?"

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. குர்ஆன் ஓதத் தெரிந்த எல்லாப் பெண்களையும்போல் அவளுக்கும் அரபு எழுத்து தெரியும், பொருள் தெரியாது. ஐன், ஸாத், ரா. அஸ்ர் தொழுகைக்கும் அதே எழுத்துகள், பிழிதலுக்கும் அதே எழுத்துகள். சூரா யூசுஃபில் சிறைக்கூட்டாளி கண்ட கனவில் பிழிவது இந்த அஸ்ர்தான். தம்மாமில் தெருவுக்குத் தெரு விற்கும் பழச்சாறு 'அஸீர்' என்பதும் இதிலிருந்து வந்ததுதான். இதையெல்லாம் விரிவாக விளக்கி ஒரு பாடமே நடத்தினேன். துவைப்பதற்கு ஙைன், ஸீன், யா, லாம். அலசுவதற்கு ஷீன், தா, ஃபா. அவள் ஒவ்வொரு பொத்தானையும் தஜ்வீதோடு ஓத, நான் பொருள் சொல்ல, அந்த இரவு மிக இனிமையாகப் போயிற்று. நம் மூத்தம்மாமார் தமிழை அரபு எழுத்தில் எழுதி வாசித்தார்கள். என் மனைவி அரபுப் பொத்தான்களுக்குத் தமிழில் எழுதிச் சீட்டு ஒட்டினாள்.

கடைசியாக, "பின்னால மஞ்சள் சீட்டு ஒண்டு இரிக்கி, அதையும் வாசிக்கவா?" என்றாள். "யா, ஜீம், பா... பிறகு அலிஃப், லாம், தா..."

"அது எல்லா மெஷின்லயும் உள்ளதுதான். விடு" என்றேன். கார்டில் காசு முடியப் போகிறது என்ற அவசரம். அங்கே இரவு எட்டரை என்றால் ஊரில் பதினொன்று, அவளுக்கும் தூக்கம்.

இயந்திரத்தின் பிளக் இரண்டு உருண்ட முள் உள்ளது. நம் சுவரில் பொருந்தாது. குச்சியோ பேனாவோ விட்டு மேல் ஓட்டையைத் திறந்து இரண்டு முள்ளைத் திணிக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டல்லவா? அப்படிச் செய்யாமல், மனைவி பக்கத்துத் தெருவில் இருக்கும் மின்சார வேலைக்காரரை அழைத்து மூன்று முள் உள்ள 13 ஆம்பியர் பிளக் போடச் சொல்லியிருக்கிறாள். அதில் மேலே இருக்கும் முள் மட்டும் ஏன் நீளம் என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? அதுதான் எர்த். செருகும்போது முதலில் அது பூமியோடு சேர வேண்டும், கழற்றும்போது கடைசியாகப் பிரிய வேண்டும் என்பதற்காகவே நீளம். மற்ற இரண்டு ஓட்டைகளின் மூடியைத் திறந்துவிடுவதும் அதுவே. பிள்ளைகள் கம்பியை விட்டுவிடாதிருக்க அந்த மூடி. குச்சியை விடும்போது நாம் இரண்டு பாதுகாப்பையும் ஒன்றாகத் தோற்கடிக்கிறோம்.

துவைப்பது ஒழுங்காக நடந்தது. பிழியும் தொட்டியைச் சுழலவிட்டால் சற்று நேரத்தில் 'டக்' என்று ட்ரிப் ஸ்விட்ச் விழுந்து வீடே இருண்டுவிடும். மேலே தூக்கிவிட்டால் மறுபடி விழும்.

மனைவி அழைத்தாள். "துவைக்கக்குள்ள விழல்ல. பிழியக்குள்ள மட்டும்தான் விழுது. முதல் தடவை போடக்குள்ள கொஞ்சம் ஓடும், பிறகுதான். அடியில தண்ணியும் சொட்டுது."

"துணி துவைக்கிற மெஷின்ல தண்ணி சொட்டாம பாலா சொட்டும்?"

இந்த வாசகத்தை எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் மறைக்கக் கூடாது என்பது உடன்பாடு. தண்ணீர் சொட்டுவதை அவள் அந்த வாரத்தில் மூன்று தடவை சொன்னாள்.

நான் என்ன நினைத்தேன் என்றால், 60-க்குச் செய்த மோட்டார் 50-இல் ஓடுவதால் ட்ரிப் தாங்கவில்லை. கடிகார விஷயத்தில் கற்றுக்கொண்ட அரை அறிவு இது. தங்குமிடத்தில் ஒருவர், "எர்த் வயரைக் கழற்றினால் ட்ரிப் விழாது, இங்கே நாங்கள் எல்லாம் இரண்டு முள்ளில்தானே ஓட்டுகிறோம்" என்றார். அப்படியே மனைவியிடம் சொன்னேன். பிளக்கைத் திறந்து, பச்சையும் மஞ்சளுமாக இருக்கும் வயரைக் கழற்றி நாடா சுற்றிவிடு.

"வேலைக்காரர் அப்பிடிச் செய்ய மாட்டன் எண்டு சொல்றார். கூடாதாம்."

"அவருக்கு என்ன தெரியும்? நான் சொல்றன்தானே. தம்பியக் கொண்டு கழட்டு."

கழற்றினார்கள். ட்ரிப் விழவில்லை. நான் சொன்னது சரியாகிவிட்டது. பத்து நாள் அந்த இயந்திரம் எந்தத் தடையும் இல்லாமல் பிழிந்தது. நானும் இரண்டு மூன்று பேருக்கு அதே வைத்தியத்தைச் சொல்லிக் கொடுத்தேன். அல்லாஹ் மன்னிப்பானாக.

பதினோராம் நாள் காலை, மாமி பின்வாசலில் வெறுங்காலோடு, ஈரச் சீமெந்துத் தரையில் நின்று, பிழிந்த துணியை எடுக்க மூடியில் கை வைத்தார். கரண்ட் பிடித்துவிட்டது. அந்தக் கணமே ட்ரிப் விழுந்தது. மாமி பின்னால் சாய்ந்து விழுந்து இடக்கை மணிக்கட்டு முறிந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். கை ஆறு கிழமை கட்டில் இருந்தது.

இந்த ட்ரிப் ஸ்விட்ச் என்ன செய்கிறது என்பதை நான் பிறகுதான் படித்தேன். போன மின்சாரமும் திரும்பி வந்த மின்சாரமும் சமமா என்று அது எந்நேரமும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. வீடுகளில் உள்ளது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசத்துக்குள் விழுந்துவிடும். ஓர் ஆம்பியரில் நூற்றில் மூன்று பங்குதான் அது. வித்தியாசம் வந்தால் எங்கோ வேறு வழியில் மின்சாரம் பூமிக்குப் போகிறது என்று பொருள். கண் இமைப்பதற்குள் வெட்டிவிடும். பியூஸும் சின்ன சின்ன பிரேக்கர்களும் இந்த வேலை செய்யாது. அவை வயர் எரியாமல் காப்பவை, மனிதரைக் காப்பவை அல்ல. அந்த ஸ்விட்ச்சில் 'டி' என்று ஒரு சிறு பொத்தான் இருக்கும். மாதம் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் அது செத்துப்போன காவலாளி.

எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். இயந்திரத்தின் உடம்பில் மின்சாரம் கசிந்தது. பச்சை வயர் இருந்தவரை அது அந்த வயர் வழியாகப் பூமிக்குப் போனது. ட்ரிப் அதைக் கண்டு விழுந்தது. நான் வயரைக் கழற்றச் சொன்னேன். கசிவு நிற்கவில்லை, போக வழியில்லாமல் தகரத்தில் காத்திருந்தது. ஆக முன்பு ட்ரிப் விழுந்தது பச்சை வயர் வழியாக. பிறகு விழுந்தது என் மாமியின் உடம்பு வழியாக.

இது எனக்கு அன்று தெரியாது. மூன்று நாள் எனக்குச் சொல்லவே இல்லை. நான் அழைத்தபோதெல்லாம் மாமி தொழுகிறார், படுத்திருக்கிறார் என்றாள். நாலாம் நாள் என் மகள்தான், அப்போது ஆறு வயது, "மூத்தம்மாக்குக் கையில வெள்ளைக் கட்டு" என்று சொல்லிவிட்டாள்.

"ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"தூரத்தில இருந்து யோசிப்பீங்கன்டுதான்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சொன்னாலும் கேக்கவா போறீங்க?" என்றாள்.

கணவன் மனைவிக்கிடையே இதைவிடக் கடுமையான சொற்கள் எத்தனையோ வந்து போயிருக்கின்றன. அவை எதுவும் நினைவில் இல்லை.

மின்சார வேலைக்காரர் இயந்திரத்தைக் கவிழ்த்துத் திறந்தார். பிழியும் தொட்டியின் அச்சு கீழே இறங்கும் இடத்தில் ஒரு ரப்பர் சீல் இருக்கிறது. அது தேய்ந்து கிழிந்து, தொட்டித் தண்ணீர் நேராகக் கீழே இருந்த மோட்டாரின் வயர் முனைகளில் சொட்டியிருக்கிறது. இரண்டு தொட்டி இயந்திரங்களில் சாதாரணமாக வரும் பழுதாம் இது. பிழியும்போது மட்டும், கொஞ்சம் ஓடிய பிறகு மட்டும், அடியில் தண்ணீர் சொட்டும்போது மட்டும். மனைவி சொன்ன மூன்றையும் வரிசையாக வைத்திருந்தால் இயந்திரத்தைத் திறக்காமலே பழுதின் இடம் தெரிந்திருக்கும்.

அவள் அந்த மஞ்சள் சீட்டைக் கிழித்து எடுத்து எனக்கு எழுத்தெழுத்தாக வாசித்தாள். இந்தத் தடவை நான் குறுக்கிடவில்லை. யஜிபுத் தஃரீழ். 'அர்ழ்' என்றால் பூமி. பூமியோடு இணைப்பது கட்டாயம். வேர்ச்சொல்லைக் கேட்டவுடன் பொருள் சொல்ல ஏழு ஆண்டு பழக்கப்பட்ட காது என்னுடையது.

அதற்குப் பிறகு எங்கள் தொலைபேசிப் பேச்சின் முறை மாறியது. நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "என்ன பாத்தாய், என்ன கேட்டாய்?" செய் என்று சொல்வது கடைசியில்தான்.

2012-இல் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒரு நாள் திறக்க மறுத்தது. வாரம் ஒரு தடவை பிள்ளைகள் என் முகம் பார்ப்பது அதில்தான். திரை கறுப்பு, உள்ளே காற்றாடி மட்டும் ஓடுகிறது. "சத்தம் ஏதாவது?" என்றேன். அவள் தொலைபேசியைப் பெட்டியின் பக்கத்தில் பிடித்தாள். நீண்ட 'பீப்', இடைவெளி, மறுபடி நீண்ட 'பீப்'. பெட்டி தன் நோயைத் தானே சொல்லுகிறது. ஒவ்வொரு கம்பெனிக்கும் சத்தக் கணக்கு வேறுவேறு. என்றாலும் இப்படித் திரும்பத் திரும்ப நீளமாக வந்தால் ரேம் என்னும் நினைவுப் பலகை சரியாகப் பொருந்தவில்லை என்பதே பெரும்பாலும். கடற்கரை ஊரில் இது அதிகம். உப்புக் காற்று துறைமுகத்துக் கப்பலை மட்டுமா தின்கிறது? கம்ப்யூட்டரின் முனைகளிலும் கண்ணுக்குத் தெரியாமல் படிகிறது.

பிளக்கை முழுதாகக் கழற்றச் சொன்னேன். பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தைப் போக்கி, வளையலைக் கழற்றி வைத்து, பெட்டியின் தகரத்தை ஒரு தடவை தொட்டுவிட்டு, பலகையின் இரு பக்கக் கொளுவியைத் தள்ளி அதை வெளியே எடுத்தாள். மகளின் பாடசாலை அழிறப்பரால் பித்தளை நிற முனைகளை மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டுத் திரும்பப் பொருத்தினாள். ஒரே 'பீப்', சின்னது. திரை வந்துவிட்டது. மாமி பக்கத்தில் நின்று டோர்ச் பிடித்திருக்கிறார்.

இன்னொரு முறை இன்டர்நெட் பக்கங்கள் எல்லாம் எச்சரிக்கை காட்டித் திறக்க மறுத்தன. லைன் கோளாறு என்று நான் சொல்ல வாய் எடுப்பதற்குள், "பொறுங்க, மூலையில திகதி 2002 எண்டு காட்டுது" என்றாள். அதுவே காரணம். உள்ளே காசு அளவில் ஒரு பேட்டரி உண்டு. பெட்டி அணைந்திருக்கும்போது நேரத்தைக் காப்பாற்றுவது அதுதான். அது ஓய்ந்துவிட்டால் திகதி பின்னுக்குப் போய்விடும். பாதுகாப்புள்ள பக்கங்களின் சான்றிதழ் இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை என்று குறிக்கப்பட்டிருப்பதால், 2002-இல் இருக்கும் கம்ப்யூட்டர் அதை நம்ப மறுக்கிறது. ஒரு சிறு பேட்டரி மாற்றினதும் சரியாயிற்று. சஹர் நேரக் கடிகாரத்தைப் பகல் முழுக்கக் காவல் இருந்து பார்த்தவளுக்குத் திகதி கண்ணில் படாமல் போகுமா?

ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் தொடங்கினால் அவளே எல்லாப் பிளக்கையும் கழற்றிவிடுவாள். அதோடு தொலைபேசி வயரையும். பலர் பிளக்கைக் கழற்றிவிட்டுத் தொலைபேசி வயரை மறந்துவிடுகிறார்கள். மின்னல் அந்த வழியாகவும் வந்து மோடத்தைக் கருக்கிவிட்டுப் போகும்.

நான் ஊர் திரும்பி ஆண்டுகள் பலவாகிவிட்டன. இப்போது வெளிநாட்டில் உள்ளவர்கள் வீடியோவிலேயே பழுதைப் பார்த்துச் சொல்கிறார்கள். ஆனாலும் கேமரா ஈரத் தரையைத் தொட்டுப் பார்க்காது. அயல் வீடுகளில் கணவன்மார் தூரத்தில் இருக்கும் சகோதரிகள் ஏதாவது கோளாறு என்றால் எங்கள் வாசலுக்கு வருவார்கள். மௌலவியைத் தேடி அல்ல. "பச்சை வயர் இரிக்கா எண்டு பாத்தீங்களா?" என்று அவள் கேட்பது உள்ளே இருக்கும் எனக்குக் கேட்கும்.

பழைய இயந்திரத்தைத் திருத்தியும் மாமி அதன் பக்கம் போகவே இல்லை. இரும்புக்காரரிடம் கொடுத்துவிட்டோம். நான் வந்த வருடம் திருகோணமலை நகரத்திலேயே புதிதாக ஒன்று வாங்கினேன். வேலைக்காரரே வந்து எர்த் சரிபார்த்து, ட்ரிப்பின் பொத்தானை அழுத்திக் காட்டி, துணி போட்டு ஓட்டியும் காட்டினார். அது நின்றதும் மனைவி மூடியைத் திறக்கப் போனாள். மாமி அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"மருமகன் முதல்ல தொடட்டும்" என்றார்.

செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரத் தரையில் நின்று, நான் தொட்டேன்.